ஏரிக்குள் போன பச்சைக் கோடு

கோபக்காரி என்றுதான் எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பெயர். அந்தப் பெயரை வைத்தவர்களில் நானும் ஒருவன். அவர் கோபப்பட்ட விஷயங்களை இப்போது ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். ஏதாவது ஒன்றிலாவது அவர் பக்கம் தவறு இருந்திருக்காதா என்று தேடுகிறேன். ஒன்றுகூட அகப்படவில்லை.

சேலம் சூரமங்கலத்தில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாங்கள் வேலை செய்தோம். சுற்றியுள்ள ஊர்களின் சின்ன ஆஸ்பத்திரிகளில் எடுக்கும் ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்து மோட்டார் சைக்கிளில் கொண்டுவர ஐந்து பேர் இருந்தார்கள். அதில் பெண் அவர் ஒருவர்தான். ராசிபுரம், வெண்ணந்தூர், மல்லசமுத்திரம், திருச்செங்கோடு அவருடைய தடம். கியர் வண்டி ஓட்டுவார். வயது நாற்பத்தைந்து இருக்கும். என்னைவிட இரண்டு வயது சின்னவர், ஆனாலும் எல்லோரையும் போல நானும் அக்கா என்றே கூப்பிட்டேன். அவர் என்னை அண்ணா என்பார். என் வேலை, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அந்த ஐந்து பேரும் எங்கே போய்க்கொண்டிருக்கிறார்கள் என்று பார்ப்பது.

தப்பான ஒன்றைக் கண்டால் அவரால் தாண்டிப் போக முடியாது. இதுதான் அவர் குணம். வெண்ணந்தூர் பக்கம் ஒரு பிரிவில் ஊர்ப் பெயர்ப் பலகை ஒன்று இருந்தது. ஏதோ லாரி இடித்ததில் அதன் அம்புக்குறி எதிர்த் திசைக்குத் திரும்பிவிட்டது. நம்மைப் போன்றவர்கள் என்ன செய்வோம்? நமக்குத்தான் வழி தெரியுமே என்று போய்விடுவோம். அவர் வண்டியை நிறுத்தி, டூல் பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்து, பலகையை நேராகத் திருப்பி முடுக்கிவிட்டு வருவார். நட்டு தேய்ந்திருந்ததால் பத்து நாளைக்கு ஒருமுறை அது காற்றில் திரும்பிக்கொள்ளும். அவரும் பத்து நாளைக்கு ஒருமுறை இறங்குவார்.

"உங்களுக்குத்தான் வழி தெரியுமே அக்கா, எதுக்கு இந்த வேலை?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எனக்குத் தெரியுதுங்கண்ணா. பொறகால வாரவனுக்கு?" என்றார். அதைச் சொன்னபோதும் முகத்தில் கோபம்தான். என் கேள்வி மேல் வந்த கோபம்.

வண்டியில் வழிகாட்டும் கருவியை எங்களில் முதலில் மாட்டியவர் அவர்தான். பிற்பாடு இதை நான் பலரிடம் சொல்ல வேண்டியிருந்தது. ஏனென்றால் அவருக்கு இந்தத் தொழில்நுட்பமெல்லாம் ஒத்துவராது, பழைய காலத்து ஆள் என்று மேலாளர் ஒரு கதை கட்டிவிட்டிருந்தார். சுத்தப் பொய். அந்தக் கருவியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் கால் பங்குகூட மேலாளருக்குத் தெரியாது.

முதலில் கைப்பிடியில் போனை மாட்டித்தான் ஓட்டிப் பார்த்தார். சித்திரை வெயிலில், அத்தனூர் தாண்டியதும் போன் சூடாகித் தானே அணைந்துவிட்டது. வண்டியின் அதிர்வில் இரண்டே மாதத்தில் கேமரா கெட்டு, எதை எடுத்தாலும் மங்கலாக விழுந்தது. மழையில் இன்னும் மோசம். திரையில் சொட்டுகிற தண்ணீரை விரல் என்று நினைத்துக்கொண்டு, அது பாட்டுக்கு வேறு ஊருக்கு வழி காட்டத் தொடங்கிவிடும்.

"மல்லசமுத்திரத்துக்குப் போறேனுங்க, அது என்னைய மதுரைக்கு இழுக்குது" என்று ஒருநாள் நனைந்த ஜாக்கெட்டோடு வந்து மேசையில் போனை வைத்தார்.

போனை மாட்டும் பிடியை வாங்கச் செவ்வாய்ப்பேட்டைக்கு அவருடன் போயிருந்தேன். கடைக்காரர் ஒரு பாய், பொறுமையான மனிதர். அக்கா ஒவ்வொரு பிடியாக எடுத்து, கடையின் இரும்புக் கம்பியில் மாட்டி, முழுப் பலத்தோடு குலுக்கினார். இரண்டு பிடிகள் அவர் கையோடு வந்துவிட்டன.

"அம்மா, நீங்க வாங்க வந்தீங்களா, உடைக்க வந்தீங்களா?" என்றார் பாய்.

"என்ற வண்டியில மாட்டி, என்ற போனு ரோட்டுல உழுந்து உடையறதுக்கு, இங்கயே உடையட்டுங்க" என்றார் அக்கா. பாய் சிரித்துவிட்டு, உள்ளேயிருந்து வேறொரு பெட்டியை எடுத்துவந்தார். "இதைக் குலுக்குங்க. இது வரலேன்னா வேற கடை பாருங்க." அது அசையவில்லை. அதைத்தான் வாங்கினார்.

கேமராவைப் பழுது பார்த்து மாட்டியும், அந்தப் பிடியிலும் அது பிழைக்கவில்லை. கடைசியில் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்காரர் ஒருவரிடம், மோட்டார் சைக்கிளுக்கென்றே செய்த ஒரு கருவி இருப்பதைக் கண்டுபிடித்தார். வெளி மாநிலங்களில் ரிக் ஓட்டிய காலத்தில் அவர் தன் மோட்டார் சைக்கிளுக்காக வாங்கியது. உள்ளங்கை அளவுதான் இருக்கும். கையுறையோடு தொட்டாலும் வேலை செய்யும், மழைக்கு அசையாது, வெயிலிலும் திரை தெரியும். அதை வாங்கி, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்து வயர் இழுத்து மாட்டிக்கொண்டார். மண் சாலைகளைத் தவிர்க்கும்படி அமைத்தார். பிறகு தன் கையாலேயே அதில் குறிகள் போட ஆரம்பித்தார். வெள்ளை அடிக்காத வேகத்தடை, மழை பெய்தால் மூழ்கும் தரைப்பாலம், நாய் துரத்தும் வளைவு, எத்தனை மணிக்கு மூடும் ரயில்வே கேட் என்று ஒவ்வொன்றாக.

வண்டி ஓடும்போது அந்தத் திரையைப் பார்க்கவே மாட்டார். காதில் ஒரு பக்கம் மட்டும் குரல் கேட்கும். அந்தக் குரல் நம் ஊர்ப் பெயர்களைப் பாடாய்ப்படுத்தும். அதற்கும் பதில் சொல்லிக்கொண்டே வருவார். திரையைப் பார்க்க வேண்டுமென்றால் ஓரம் கட்டி நிறுத்துவார்.

"ரெண்டு செகண்டு குனிஞ்சு பாத்தா வண்டி நூறடி போயிருக்குமுங்க. அந்த நூறடியும் நீங்க குருடன்தானுங்க" என்று மற்ற நால்வரையும் திட்டுவார்.

அப்போதுதான் நிறுவனம் ஒரு செயலியைக் கொண்டுவந்தது. ஐந்து பேரும் இனி அதைப் போனில் போட்டுக்கொள்ள வேண்டும். போக வேண்டிய வழியை அது பச்சைக் கோடாகக் காட்டும். கோட்டிலிருந்து விலகினாலோ, அது சொன்ன நேரத்துக்கு வராவிட்டாலோ ஓட்டுபவர் பெயருக்கு நேராக ஒரு சிவப்புப் புள்ளி விழும். ஒரு மாதத்தில் நான்கு புள்ளி விழுந்தால் வேலை இல்லை. கோட்டைப் போட்டவர்கள் எந்த ஊரில் உட்கார்ந்து போட்டார்களோ தெரியாது. அந்த ரோட்டில் ஒருநாளாவது வண்டி ஓட்டியவர்கள் இல்லை என்று மட்டும் சத்தியமாகச் சொல்வேன்.

செயலி வந்த இரண்டாம் நாளே அக்கா என் மேசைக்கு வந்துவிட்டார்.

"ஏனுங்கண்ணா, இந்த ரோட்டுல நீங்க போயிருக்கீங்களா?"

போனில் காட்டினார். மல்லசமுத்திரத்துக்கு முன்னால் பச்சைக் கோடு ஓர் ஏரியைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போனது.

"பாலம் இருக்கும்போல" என்றேன்.

"பாலமும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க. மழையில்லாத காலத்துல ஏரி காஞ்சு கெடந்துச்சு. வண்டல் அள்ள டிராக்டருங்க ஓடி ஓடி தடமாச்சு. அதை மேல இருந்து படம் புடிச்சுட்டு ரோடுன்னு போட்டுட்டானுங்க. இப்ப ரெண்டு வருசமா ஏரி நெறைஞ்சு கெடக்குது. ரோடு மட்டும் இன்னும் இருக்குது, இந்தப் படத்துல."

கரையைச் சுற்றிப் போனால் பதினோரு நிமிடம் கூடுதலாகும். அந்தப் பதினோரு நிமிடத்துக்காக அவருக்குச் சிவப்புப் புள்ளி விழுந்தது. வரைபடம் வெளியிடுகிறவர்களுக்குத் திருத்தம் அனுப்பினார். வீட்டுக்காரரின் போனில் எடுத்த ஏரியின் படத்தையும் சேர்த்து அனுப்பினார். போதிய ஆதாரம் இல்லை என்று பதில் வந்தது. தண்ணீர் நிறைந்த ஏரியின் படத்தைவிட என்ன ஆதாரம் வேண்டுமாம்? மறுபடி அனுப்பினார். மறுபடி அதே பதில். எனக்கும் வாட்ஸப்பில் அனுப்பினார், மேலே அனுப்புங்கள் என்று. முதல் இரண்டை மேலாளருக்கு அனுப்பினேன்.

மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "சார், ஒவ்வொருத்தருக்கும் ஒரு வழி பிடிச்சிருக்கும். அதுக்கெல்லாம் நாம சிஸ்டத்தை மாத்த முடியாது. இந்த மாதிரி ஃபார்வர்ட் பண்ணாதீங்க" என்றார். அதற்குப் பிறகு வந்த எதையும் நான் அனுப்பவில்லை. "பாத்துட்டேன் அக்கா, சொல்லியிருக்கேன்" என்று மட்டும் பதில் போடுவேன். ஐந்து மாதத்தில் பதினோரு முறை அனுப்பினார்.

மாதம் மூன்று சிவப்புப் புள்ளியோடு அவர் நின்றுகொள்வார். அது எப்படி என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது. காலையில் அரை மணி நேரம் முன்னதாகவே வீட்டைவிட்டுக் கிளம்பி, மற்ற ஊர்களில் மிச்சம் பிடித்த நேரத்தை ஏரிக்கரையில் செலவழித்தார். விலகிய குற்றத்துக்குப் புள்ளி விழுந்தாலும் தாமதக் குற்றத்துக்கு விழாது. மாதத்தின் முதல் மூன்று புள்ளி அங்கே போய்விட்டால், மிச்ச நாட்களில் மல்லசமுத்திரத்து ரத்தத்தை அவர் வீட்டுக்காரர் தன் ஸ்கூட்டரில் போய் எடுத்துவர, அக்கா ஏரிக்கு இந்தப் பக்கமே நின்று வாங்கிக்கொண்டார். அந்த மனிதர் சம்பளமில்லாமல் இந்த நிறுவனத்துக்கு ஐந்து மாதம் வேலை செய்தார். அவருக்கும் யாரும் நன்றி சொல்லவில்லை.

ஐப்பசியில் ஒருநாள் அக்கா லீவு போட்டார். மகளுக்குக் கல்லூரியில் ஏதோ வேலை. அவர் தடத்தில் அம்மாபேட்டைக்காரர் ஒருவரை அனுப்பினார்கள். முன்பு தறி ஓட்டிக்கொண்டிருந்து, எங்களிடம் சேர்ந்து எட்டு மாதமானவர். பயந்த சுபாவம். ஏற்கெனவே அந்த மாதம் மூன்று புள்ளி வாங்கியிருந்தார். முந்தின நாள் மாலை அக்கா அவரைக் கூப்பிட்டு, ஏரிப் பக்கம் மட்டும் போகாதீங்க, கரையைச் சுற்றிப் போங்க என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நானே காதால் கேட்டேன்.

சாயங்காலம் ஆறரை இருக்கும். மழை. மேசையில் போன் அடித்தது.

"சார், ஏரிகிட்ட நிக்கறேன். இது நேராப் போகச் சொல்லுது. அக்கா சுத்திப் போகச் சொன்னாங்க. ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. தண்ணி எங்க இருக்குன்னே புரியல. என்ன சார் பண்றது?"

திரையைப் பார்த்தேன். அவர் இருக்கும் இடத்தைக் காட்டும் புள்ளி பச்சைக் கோட்டின் மேல் நின்றுகொண்டிருந்தது. நேரம் கடக்கிறது என்று ஓரத்தில் மஞ்சள் எழுத்து மின்னியது. அவரிடமிருந்த ஐஸ் பெட்டியில், பிறந்து மூன்று நாளான குழந்தையின் ரத்தம் ஒன்று இருந்தது. மஞ்சள் காமாலை எவ்வளவு என்று அன்றைக்கே சொல்ல வேண்டும். அந்த ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு முறை கேட்டுவிட்டார்கள்.

"உங்களுக்கு இன்னொரு புள்ளி விழுந்தா அவ்வளவுதான். மேப் சொல்றபடி போங்க. மெதுவாப் போங்க" என்றேன்.

இதைத்தான் சொன்னேன். ஒரு எழுத்துகூடக் கூட்டிக் குறைத்து எழுதவில்லை.

கரையிலிருந்து இறங்கும் சரிவில் டிராக்டர் போன தடம் இன்னும் இருந்தது. அதன் மேல் மழைத் தண்ணீர் ஓட, நனைந்த தார் ரோடு போலத்தான் தெரிந்திருக்கிறது. சரிவில் பாதி இறங்கியதும் முன் சக்கரம் சேற்றில் சறுக்கி, வண்டி அவர் மேலேயே சாய்ந்தது. இடுப்பளவு தண்ணீர். வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்தது. ஆடு ஓட்டிக்கொண்டு போன இரண்டு பேர் சத்தம் கேட்டு ஓடிவந்து இழுத்திருக்காவிட்டால் அவர் இல்லை. ஐஸ் பெட்டி தண்ணீருக்குள் போய்விட்டது. அந்தக் குழந்தைக்கு மறுநாள் காலையில் மறுபடி குத்தி ரத்தம் எடுத்தார்கள். குழந்தை பிழைத்துக்கொண்டது. ஒரு ராத்திரி வைத்தியம் தள்ளிப்போனது.

அக்கா அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். மறுநாள் அலுவலகத்துக்கு வந்தபோது கத்துவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். கத்தவில்லை. என் திரைக்கு முன்னால் வந்து நின்று, முந்தின நாள் பதிவைக் காட்டச் சொன்னார். காட்டினேன். அம்மாபேட்டைக்காரரின் வழி முழுக்கப் பச்சை. தண்ணீருக்குள் நின்றுபோன இடம்வரைக்கும் பச்சை.

"அவரு மேல ஒரு தப்பும் இல்லைன்னு இதுலயே இருக்குதுங்களே" என்றார்.

மூன்று வாரம் கழித்து விசாரணை என்று ஒரு கூட்டம் போட்டார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். அம்மாபேட்டைக்காரர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, மனைவி கைத்தாங்கலில் மாடி ஏறிவந்தார். கீழே வைத்துப் பேசலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

தலைமை அலுவலகத்துக்காரர் கையில் ஒரு தாள் இருந்தது. ஓட்டுநரின் கவனக்குறைவால் நேர்ந்த விபத்து என்று முன்பே தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார்கள். அப்படியென்றால் வைத்தியச் செலவு நிறுவனத்துடையது அல்ல. வேலையும் இல்லை.

"ஆப் ஒரு உதவிக்குத்தான். கண்ணு முன்னாடி தண்ணி இருக்குன்னா வண்டியை நிறுத்தணும் இல்லையா? கண்ணை மூடிக்கிட்டா போறது?" என்றார் அவர்.

அம்மாபேட்டைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா எழுந்தார்.

"ஏனுங்க சார், கோட்டை விட்டு விலகிப் போனா செவப்பு வெக்கறீங்க. விலகாமப் போனா கவனக்குறைவுங்கறீங்க. அப்ப நாங்க எதுலதான் ஓட்டோணும்? அதையும் அந்தத் தாள்லயே எழுதிக் குடுத்துருங்க."

"உட்காருங்கம்மா. அங்க ரோடு இல்லைன்னு யாருமே எங்களுக்கு ரிப்போர்ட் பண்ணல."

மேலாளர் ஆமாம் என்று தலையாட்டினார். அக்கா என்னைப் பார்த்தார். அந்த அறையில் இருந்த மற்றவர்களும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. எழுந்து நின்று போனை எடுத்தேன். அக்கா அனுப்பிய பதினோரு செய்திகளையும் தேதியோடு வாசித்தேன். ஏரியின் படங்களைக் காட்டினேன். முதல் இரண்டை மேலாளருக்கு அனுப்பியதையும், இனி அனுப்ப வேண்டாம் என்று அவர் சொன்னதையும் சொன்னேன். மேலாளரின் முகம் வெளுத்தது. தலைமை அலுவலகத்துக்காரர் தாளை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.

அவ்வளவு பேசிய நான் அந்தச் சாயங்காலம் வந்த போனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மாபேட்டைக்காரர் வாக்கரைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் சொல்லவில்லை.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. வைத்தியச் செலவை நிறுவனமே ஏற்றது. அவருக்கு உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்தார்கள். ஐந்து மாதம் ஒரு பெண் கத்தியும் அழியாத அந்தக் கோடு, நான்கே நாளில் செயலியிலிருந்து மறைந்தது. மேலாளரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உங்களைப் போல நேர்மையானவர்கள்தான் வேண்டும் என்று கைகுலுக்கினார்கள். அடுத்த மாதம் அக்காவின் தடத்தை வேறொரு தடத்தோடு இணைத்துவிட்டதாகச் சொல்லி, அவரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். காரணம் அது இல்லை என்பது தரை துடைப்பவர் முதல் டாக்டர்வரை எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஐஸ் பெட்டியையும் ஜாக்கெட்டையும் திருப்பிக் கொடுக்க அவர் வந்தபோது அறையில் நான் மட்டும் இருந்தேன். ரசீதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

"இது பெரிய அநியாயம் அக்கா" என்றேன். "என்னால முடிஞ்சது அன்னைக்குக் கூட்டத்துல பேசினேன்."

"பேசுனீங்க. அதுல அவருக்கு நல்லதாச்சு. அதை நான் மறக்கலீங்க." ரசீதை மடித்து ஜோபியில் வைத்துக்கொண்டார். குரலில் கோபமே இல்லை. அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை. "ஏரிகிட்ட நின்னு உங்களுக்குப் போன் பண்ணுனத அவரு ஆஸ்பத்திரியிலயே எங்கிட்டச் சொல்லிட்டாருங்கண்ணா. கூட்டத்துல சொல்லட்டுமாக்கான்னு கேட்டாரு. நாந்தான் வேண்டாமுன்னேன்."

நான் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

  பிறகு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, "சரிங்கண்ணா, வாரேனுங்க" என்று கீழே இறங்கிப் போனார்.

இந்தக் கதையை இதற்கு முன் நிறையப் பேரிடம் சொல்லியிருக்கிறேன். கேட்பவர்கள் எல்லோருக்கும் நிறுவனத்தின் மேல் ஆத்திரம் வரும். உங்களைப் போல ஒருத்தராவது எழுந்து பேசினாரே என்பார்கள். நானும் ஆமாம் என்று கேட்டுக்கொள்வேன்.